முதல் ஊதலிலிருந்து முதல் ஊதியம் வரை: ஜாஸ் சாக்ஸபோன் கற்க வருவோருக்கு

ஜாஸ் சாக்ஸபோன் கற்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, யாருடைய வாசிப்பைக் கேட்டு இந்த ஆசை பிறந்தது என்பதைத்தான். தயங்காமல் ஒரு பெயரைச் சொல்கிறவருக்குத் தான் போக வேண்டிய திசை தெரிந்திருக்கிறது. பெயர் எதுவும் சொல்ல வராதவர், கருவி வாங்குவதைச் சில வாரங்கள் தள்ளிவைத்துவிட்டு, லெஸ்டர் யங், சார்லி பார்க்கர், சோனி ரோலின்ஸ், ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி ஆகியோரின் ஒலிப்பதிவுகளை நாள்தோறும் கேட்பது நல்லது. ஜாஸ் காது வழியாகவே கைமாறி வந்த இசை. இந்த வழிகாட்டியில் ஒலி, தாளம், மேடை, தொழில் என்று எதைப்பற்றிச் சொன்னாலும் அது கேட்பதில் தொடங்கிக் கேட்பதிலேயே வந்து நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் சாதகம் செய்யக்கூடிய ஒருவர், ஊதியம் பெற்று வாசிக்கும் நிலையை எட்ட நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்பது என் கணிப்பு.

கருவி

அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக் கைவினைஞர் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற கருவி இது. உடல் பித்தளையால் ஆனதாயினும், ஒற்றை ரீட் (அதிரும் மெல்லிய நாணல் தகடு) வைத்து ஊதப்படுவதால் இதனைக் கிளாரினெட்டின் உறவாகவே கருதுகிறார்கள். ஜாஸில் புழங்கும் சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் ஆகிய நான்குக்கும் விரல் வைக்கும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். சொப்ரானோவில் சுருதியை நிலைநிறுத்துவது கடினம், பாரிடோன் கனமும் விலையும் மிகுந்தது என்பதால், தொடங்குகிறவர் ஆல்டோவையோ டெனரையோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஆல்டோ சற்று எளிது என்பது உண்மையே. ஆனாலும் உங்கள் மனத்தை இழுத்த ஒலி டெனருடையதாக இருந்தால், எளிமைக்காக ஆல்டோவை வாங்க வேண்டாம்.

பழைய கருவியை வாங்குவதில் தவறில்லை. ஆனால் சாக்ஸபோன் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் அதன் குழலுக்குள் சிறு விளக்கொன்றை இறக்கி, மூடிய பேட்களின் (துளைகளை அடைக்கும் மெத்தை மூடிகளின்) விளிம்பில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். வெளிச்சம் கசியும் இடத்தில் காற்றும் கசியும். காற்று கசிந்தால் கீழ் ஸ்வரங்கள் எழும்பாது. தொடக்கநிலையில் இருப்பவர் அதைத் தன் குறை என்று எண்ணி, உதட்டை இறுக்கி இறுக்கி ஊதப் பழகிவிடுவார். நான் அப்படித்தான் எட்டு மாதங்களை இழந்தேன். பேட்களை மாற்ற அரைநாள் போதுமானதாக இருந்தது, ஆனால் இறுக்கிப் பழகிய உதட்டைத் தளர்த்த ஓராண்டு பிடித்தது.

மவுத்பீஸைப் (வாயில் வைத்து ஊதும் பகுதியைப்) பொறுத்தவரை, புகழ்பெற்ற கலைஞர்கள் பயன்படுத்தும் அகலமான வாயுடையதைத் தேடிப் போகாமல், நடுத்தர அளவிலான ஒன்றோடு தொடங்குங்கள். ரீடின் விறைப்பைக் குறிக்கும் எண் 2 அல்லது 2½ ஆக இருக்கட்டும். நாணலில் செய்யப்படும் ரீட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம் என்பதால், நான்கு ரீட்களுக்கு எண் இட்டு, நாளுக்கு ஒன்றாகச் சுழற்றிப் பயன்படுத்தினால் நான்கும் நீடித்து உழைக்கும். வாசித்து முடித்ததும் ரீடைக் கழற்றித் துடைத்து, தட்டையாக வைக்கும் உறையில் இட வேண்டும்.

ஒலி

மேல்பற்களை மவுத்பீஸின் மீது ஊன்றி, கீழுதட்டைக் கீழ்ப்பற்களின் மீது மெத்தைபோல் இலேசாக மடித்து, வாயின் ஓரங்களைச் சுற்றிலும் சமமாகச் சேர்த்து ஊத வேண்டும். இந்தப் பிடி சரியாக இருக்கிறதா என்று கண்ணாடி பார்த்துத் தெரிந்துகொள்வதைவிடக் காதால் தெரிந்துகொள்வது எளிது. மவுத்பீஸை மட்டும் தனியே கழற்றி ஊதிப் பாருங்கள். மேற்கத்திய இசையில் ஸ்வரங்களை ஏ முதல் ஜி வரையிலான எழுத்துகளால் குறிப்பார்கள். ஆல்டோ மவுத்பீஸ் பியானோவின் ஏ ஸ்வரத்தையும், டெனர் மவுத்பீஸ் ஜி ஸ்வரத்தையும் ஒட்டி ஒலித்தால் பிடி ஏறத்தாழ சரி. அதற்கு மேலே போய்க் கிறீச்சிட்டால் ரீடைக் கடிக்கிறீர்கள் என்று பொருள்.

பிறகு நீண்ட ஸ்வரங்கள். மெட்ரோனோமை (தாள அடிகளை ஒலிக்கும் கருவியை) நிமிடத்துக்கு 60 என்று வைத்து, ஒரே ஸ்வரத்தை எட்டு அடிகளில் மிக மெல்லிய ஒலியிலிருந்து உரத்த ஒலிக்கு ஏற்றி, அடுத்த எட்டு அடிகளில் இறக்கி, ஒன்றுமில்லாமல் கரைய விட வேண்டும். ஒலி ஏறும்போது சுருதி இறங்கும், ஒலி இறங்கும்போது சுருதி ஏறும். அந்த நகர்வைக் காது பிடிக்கத் தொடங்கும் நாளில்தான் உண்மையான பயிற்சி தொடங்குகிறது. ட்யூனரின் (சுருதி காட்டும் கருவியின்) முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதாமல், கண்ணை மூடி ஊதி, சரியென்று தோன்றிய பிறகு முள்ளைப் பாருங்கள். சில மாதங்கள் கழிந்ததும், கருவியின் அடி ஸ்வரமான பி பிளாட்டுக்கு (பி-க்கு அரைப்படி கீழான ஸ்வரத்துக்கு) விரல்களை வைத்து, அவற்றை அசைக்காமலேயே அதன் மேல் பி பிளாட், அடுத்து எஃப், அதற்கும் மேல் இன்னொரு பி பிளாட் என்று தொண்டையையும் நாக்கையும் மட்டும் கொண்டு எழுப்பும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கனமான, தனக்கே உரிய ஒலியுடன் வாசிக்கும் கலைஞர்கள் பலரும் இந்தப் பயிற்சிக்குப் பல ஆண்டுகளைக் கொடுத்தவர்கள்.

இத்தனையும் பலத்த சத்தம் எழுப்பும் வேலை. இடம் கிடைப்பது எல்லோருக்கும் சிக்கல்தான். ஏற்கெனவே பெயர் பெற்றுவிட்ட சோனி ரோலின்ஸ், 1959இல் மேடையை விட்டு விலகி, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு தராமல் நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மீது போய் நின்று மணிக்கணக்கில் சாதகம் செய்தார். 1961 வரை அது தொடர்ந்தது. அலமாரித் துணிகளுக்கு நடுவே ஊதியாவது அன்றாடச் சாதகத்தை விடாமல் வைத்திருங்கள்.

தாளம்

நான்கு அடித் தாளத்தில் ஜாஸின் அழுத்தம் இரண்டாவது அடியிலும் நான்காவது அடியிலும் விழுகிறது. டிரம் வாசிப்பவரின் ஹை-ஹாட் (கால் மிதியால் மூடும் இரட்டைத் தட்டு) மூடும் ஓசையை அங்கேதான் கேட்கலாம். எனவே மெட்ரோனோமை 60இல் வைத்து, அது எழுப்பும் ஒவ்வோர் ஓசையையும் இரண்டு, நான்கு என்று எண்ணிக்கொண்டு 120 வேகத்தில் வாசித்துப் பழகுங்கள். முதல் வாரம் தடுமாறும், பிறகு நிற்கும். ரீடை நாக்கால் தொட்டு ஸ்வரங்களைத் தொடங்கும் இடம் அடுத்த பாடம். ஓடும் வரிசையில் அடிக்கு நடுவே விழும் ஸ்வரத்தை மெல்லத் தொட்டு, அதை அடுத்த அடியின் ஸ்வரத்தோடு இழைத்து வாசித்தால் ஸ்விங் என்ற, ஜாஸுக்கே உரிய ஊசலாடும் தாள நடை பிறக்கும். இதை எழுத்தில் படித்துப் புரிந்துகொள்வது கடினம். பதிவோடு சேர்ந்து வாசித்தால் தானாக நாக்கில் வந்து அமரும்.

பதிவைக் கேட்டு வாசிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். சார்லி பார்க்கர் 1937ஆம் ஆண்டுக் கோடையில் மிசௌரி மாநிலத்தின் ஓசார்க் மலைப்பகுதியில் ஓர் இசைக்குழுவோடு வேலை பார்த்தார். அங்கே போகும்போது லெஸ்டர் யங் வாசித்த இசைத்தட்டுகளைக் கொண்டுபோய், அந்தச் சோலோக்களைக் (தனி வாசிப்புகளை) காதால் கேட்டே பாடமாக்கினார். அவர் ஊர் திரும்பியபோது வாசிப்பு அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருந்தது என்று உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இசைத்தட்டும் காதும் கருவியும் மட்டுமே அந்தக் கோடையின் பாடசாலை.

நீங்களும் லெஸ்டர் யங்கிலிருந்தே தொடங்கலாம். 1936இல், ஜோன்ஸ்-ஸ்மித் இன்கார்ப்பரேட்டட் என்ற பெயரில் வெளிவந்த அவருடைய முதல் ஒலிப்பதிவு அமர்வில், அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'ஓ, லேடி பி குட்' பாட்டுக்கு அவர் வாசித்த டெனர் சோலோ 64 பார் (தாள ஆவர்த்தனம்) நீளம் கொண்டது. ஸ்வரங்கள் மிகுதியில்லை, ஒவ்வொரு சொற்றொடரும் பேச்சுப்போல முடியும். முதல் எட்டு பார்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அதைக் கருவியில் தேடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். அடுத்து, பதிவை நிறுத்திவிட்டு அந்த எட்டு பார்களையும் வாய்விட்டுப் பாடுங்கள். பாட வராத இடம் காதில் இன்னும் ஏறாத இடம். அங்கே விரல் தேடுவது வீண். பாட வந்த பிறகு, சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் செயலி ஒன்றின் துணையோடு, இரண்டிரண்டு பார்களாகக் கருவியில் கண்டுபிடியுங்கள்.

ஸ்வரங்கள் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்போதுதான் பாதி முடிந்திருக்கும். அவர் அடிக்குச் சற்றுப் பின்னால் எந்த இடத்தில் தங்குகிறார், எந்த ஸ்வரத்தை விழுங்குகிறார், மூச்சை எங்கே எடுக்கிறார் என்பதெல்லாம் பதிவோடு ஒட்டி வாசிக்கும்போதுதான் பிடிபடும். இரண்டு ஒலிகளும் ஒன்றாய்க் கலந்து, உங்கள் ஒலி எது, அவர் ஒலி எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் அளவுக்கு வாசியுங்கள். எழுதி வைப்பது கடைசி வேலை. அச்சிட்ட சோலோத் தொகுப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. சந்தேகம் தீர்க்க அவற்றைப் புரட்டலாமே தவிர, அவற்றிலிருந்து தொடங்கினால் கண் படிக்கும், காது தூங்கிவிடும். முடிவாக, மனத்துக்குப் பிடித்த ஒரே ஒரு சொற்றொடரைப் பன்னிரண்டு சுருதிகளிலும் வாசித்துப் பாருங்கள். பன்னிரண்டாவதில் அது உங்கள் சொத்தாகியிருக்கும்.

கார்ட்களும் பாடல்களும்

ஸ்கேல்களை (ஸ்வர வரிசைகளை) மனப்பாடம் செய்வது தேவைதான், ஆனால் சோலோ ஒரு கார்டிலிருந்து (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டிலிருந்து) அடுத்த கார்டுக்குக் கால் எடுத்து வைக்கும் இடத்தில்தான் உயிர் பெறுகிறது. ஒரு சிறிய எடுத்துக்காட்டு. பியானோவில் ஜி மைனர் 7, சி 7, எஃப் மேஜர் என்று மூன்று கார்ட்கள் வருகின்றன என்று கொள்வோம். முதல் கார்டின் ஏழாம் ஸ்வரமாகிய எஃப், அரை ஸ்வரம் இறங்கி இரண்டாம் கார்டின் மூன்றாம் ஸ்வரமாகிய இ ஆகிறது. அந்த இரண்டாம் கார்டின் ஏழாம் ஸ்வரமாகிய பி பிளாட் அதே போல இறங்கி, மூன்றாம் கார்டின் மூன்றாம் ஸ்வரமாகிய ஏ ஆகிறது. இந்த இரண்டு அரைப்படி இறக்கங்களை மட்டும் சரியான அடியில் வாசித்தாலே, பின்னால் பியானோ இல்லாவிட்டாலும் கேட்பவருக்குக் கார்ட் மாறியது புரிந்துவிடும். இதைக் காதால் உணர, பியானோவில் எளிய கார்ட்களைப் பிடிக்கும் அளவுக்காவது பழகிக்கொள்ளுங்கள்.

ஆல்டோ இ பிளாட் கருவி, டெனர் பி பிளாட் கருவி (அவற்றில் சி வாசித்தால் பியானோவின் அந்த ஸ்வரமே ஒலிக்கும்) என்பதையும் இங்கே நினைவில் நிறுத்த வேண்டும். பியானோக்காரர் எஃப் என்று சொன்னால் ஆல்டோவுக்கு அது டி, டெனருக்கு அது ஜி. யோசிக்காமல் மாற்றிச் சொல்லும் வரை பழகுங்கள்.

பாடல்களில் முதலில் 12 பார் பிளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடல் வடிவம்), அதை எஃப், பி பிளாட் ஆகிய இரண்டு சுருதிகளிலும். அடுத்து 32 பார் வடிவம். கெர்ஷ்வினின் 1930ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் கார்ட் வரிசை 'ரிதம் சேஞ்சஸ்' என்ற பெயரில் ஜாஸின் பொதுச் சொத்தாகிவிட்டது. அதன் மீது எழுந்த மெட்டுகள் ஏராளம் என்பதால், அந்த ஒன்றைக் கற்றவருக்குப் பல பாடல்களின் கதவு ஒருசேரத் திறக்கிறது. முப்பது பாடல்களைத் தாள் பார்க்காமல் வாசிக்கத் தெரிந்தவர் மேடையேறத் தகுதி பெற்றுவிட்டார் என்பேன். மெதுவான பாடல்களின் வரிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். லெஸ்டர் யங் அதை வலியுறுத்தியவர், அவர் மூச்சு எடுக்கும் இடங்களே அதற்குச் சாட்சி.

ஆசிரியர்

உதட்டுப் பிடியும் உடல் நிற்கும் விதமும் கெட்டுப்போகாமல் இருக்க, முதல் இரண்டு ஆண்டுகளாவது நேரில் பார்த்துத் திருத்தும் ஆசிரியர் வேண்டும். ஜாஸைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் வழக்கம் 1947இல் வட டெக்சாஸில் தொடங்கியது. பாஸ்டனில் 1945இல் லாரன்ஸ் பெர்க் தொடங்கிய பள்ளியே இன்றைய பெர்க்லீ இசைக் கல்லூரி. கல்லூரியின் பெரும் பயன் உங்கள் வயதொத்த டிரம்மரும் பாஸ் (தாழ்ந்த ஒலி தரும் தந்திக் கருவி) கலைஞரும் அருகிலேயே கிடைப்பதுதான். வசதி இல்லாதவர் கல்லூரிக்காகக் கடன்சுமை ஏற்க வேண்டியதில்லை. டிரம் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவே ஜாக்கி மெக்லீன், வெய்ன் ஷார்ட்டர் போன்ற எத்தனையோ சாக்ஸபோன் கலைஞர்களுக்குப் பள்ளியாக இருந்திருக்கிறது.

ஜாம் செஷன்

அறிமுகம் இல்லாதவர்கள் ஒரே மேடையில் ஏறி ஒத்திகை இல்லாமல் வாசிக்கும் இடம் ஜாம் செஷன். பெரும்பாலான வேலை வாய்ப்புகள் இங்கிருந்துதான் கிளைக்கின்றன. முதல் இரண்டு முறை கருவியை எடுக்காமல் போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பாடல்கள் அடிக்கடி வருகின்றன என்று குறித்துக்கொண்டு வந்து, அவற்றைக் கற்றுக்கொண்டு மூன்றாம் முறை கருவியோடு போங்கள். நிகழ்ச்சியை நடத்துபவரிடம் பெயரைக் கொடுத்துவிட்டு, வெளியிலேயே சுருதி சேர்த்து வைத்துக் காத்திருங்கள்.

மேடையில் பேச்சு குறைவு, சைகை அதிகம். பாட்டு தொடங்கும் முன் குழுத்தலைவர் விரல்களைக் கீழ்நோக்கிக் காட்டினால் அது பாட்டின் சுருதியில் உள்ள பிளாட்களின் எண்ணிக்கை, மேல்நோக்கிக் காட்டினால் ஷார்ப்களின் (அரைப்படி ஏறிய ஸ்வரங்களின்) எண்ணிக்கை. ஒரு விரல் கீழே என்றால் எஃப். நீங்கள் ஆல்டோ என்றால் டி என்று மனம் உடனே மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் தன் தலையைத் தொட்டுக் காட்டினால் சோலோக்கள் முடிந்தன, எல்லோரும் மீண்டும் மெட்டுக்கு வருகிறோம் என்று பொருள். சோலோக்களின் நடுவே நான்கு விரல்களை உயர்த்தினால், இனி டிரம்மரும் நீங்களும் நான்கு நான்கு பார்களாக மாறி மாறி வாசிக்க வேண்டும். டிரம்மர் தனியாக வாசிக்கும் அந்த நான்கு பார்களில் கணக்கு தவறும் சாக்ஸபோன்காரர்கள் மிக அதிகம். மனத்துக்குள் மெட்டைப் பாடிக்கொண்டே இருந்தால் தவறாது.

பாட்டின் முழு வடிவம் ஒரு முறை சுற்றி வருவதைக் கோரஸ் என்பார்கள். புதியவர் இரண்டு கோரஸ், மிஞ்சினால் மூன்று, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். என் முதல் ஜாம் செஷனில் நான் எஃப் பிளூஸில் ஏழு கோரஸ் வாசித்தேன். நான்காவதிலேயே சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது. பாஸ் கலைஞர் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அந்த முகம் இன்றும் நினைவில் இருக்கிறது, அதற்குப் பிறகு எந்த மேடையிலும் பாஸ் வாசிப்பவரின் முகத்தைப் பார்க்காமல் நான் அடுத்த கோரஸைத் தொடங்கியதில்லை. அடுத்தவர் சோலோ வாசிக்கும்போது நடுவில் ஊதாமல் ஓரமாக ஒதுங்கி நின்று கேளுங்கள். இறங்கியதும் கிளம்பிவிடாமல் கடைசிப் பாட்டு வரை இருந்து, உடன் வாசித்தவர்களிடம் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள்.

ஊதியம் பெறும் காலம்

முதல் வேலை பெரும்பாலும் வேறொருவர் வர முடியாமல் போன இடத்தில் பதிலாளாகக் கிடைப்பதுதான். முந்தைய நாள் இரவு அழைப்பு வரும். பாடல் பட்டியலையும் உடை விவரத்தையும் உடனே கேட்டுக் குறித்துக்கொண்டு, குறித்த நேரத்துக்கு அரைமணி முன்பே போய் நில்லுங்கள். திருமண வரவேற்பு, விடுதிக் கூடம், நடனக் குழு, பயணக் கப்பலின் இசைக்குழு என்று எதுவாயினும் தொடக்கத்தில் தட்ட வேண்டாம். ஜான் கோல்ட்ரேன், டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்த 1955இல் அவருக்கு வயது 29. அதற்கு முந்தைய ஆண்டுகளில் கடற்படை இசைக்குழுவிலும், டிசி கில்லெஸ்பி, எர்ல் பாஸ்டிக், ஜானி ஹாட்ஜஸ் ஆகியோரின் குழுக்களிலும், ரிதம் அண்ட் புளூஸ் மேடைகளிலும் பிறருக்குப் பின்னால் நின்று வாசித்தவர் அவர்.

பிக் பேண்டில் (பெரிய ஜாஸ் குழுவில்) இரண்டு ஆல்டோ, இரண்டு டெனர், ஒரு பாரிடோன் என ஐந்து சாக்ஸபோன்கள் வரிசையாக அமரும். அங்கே உங்கள் விருப்பப்படி ஸ்வரத்தை நீட்டவோ குறைக்கவோ கூடாது. முதல் ஆல்டோ எங்கே நிறுத்துகிறாரோ அங்கே நீங்களும் நிறுத்த வேண்டும். இந்த வேலைக்கும் கப்பல், நாடக அரங்கு வேலைகளுக்கும் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் திறன் கட்டாயம், அத்தோடு கிளாரினெட்டும் புல்லாங்குழலும் ஓரளவு தெரிந்தவரையே முதலில் அழைப்பார்கள். தினமும் பத்து நிமிடம் புதிய தாள் ஒன்றை நிறுத்தாமல் வாசித்து வாருங்கள்.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். தொகை, எத்தனை செட் (இடைவேளைகளால் பிரியும் வாசிப்புப் பகுதி), ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், போக்குவரத்துச் செலவு யாருடையது, ரத்தானால் என்ன கிடைக்கும், பணம் என்று வரும் ஆகிய விவரங்களை ஒப்புக்கொள்ளும்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும், குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும். முழுமையாக நிகழ்ச்சிகளை மட்டும் நம்பி வாழ்பவர் குறைவு. வாரத்தில் சில மணி நேரம் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது வருமானத்தின் முதுகெலும்பாக நிற்கும். நீங்களே குழு சேர்க்கும் நாளில், கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் உடன் வாசித்தவர்களுக்குச் சொன்ன தொகையை அன்றிரவே கொடுத்துவிடுங்கள். மாதிரிப் பதிவுக்கு மூன்று பாடல்கள் போதும்: மெதுவானது ஒன்று, நடுத்தர வேக ஸ்விங் ஒன்று, வேகமானது ஒன்று, மூன்றும் உயிருள்ள பாஸ், டிரம் கலைஞர்களோடு. பிறர் இயற்றிய பாடலைப் பதிவாக வெளியிடுவதாக இருந்தால், அதற்கான உரிமத்தை முன்னதாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

மேடையேறும் ஒவ்வொரு முறையும் கைபேசியிலாவது வாசிப்பைப் பதிவு செய்து வையுங்கள். அன்றிரவே கேட்க வேண்டாம், களைப்பும் உற்சாகமும் காதை ஏமாற்றும். மறுநாள் காலையில் ஒருமுறை முழுவதும் கேட்டு, தாளம் ஓடிய இடம் ஒன்று, சுருதி இறங்கிய இடம் ஒன்று என இரண்டே இரண்டை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு, எண் இட்ட ரீட்களில் அன்றைய முறைக்கு உரியதை எடுத்து நனைத்து, அந்த இரண்டு பார்களிலிருந்து அன்றைய சாதகத்தைத் தொடங்குங்கள்.